விக்கிரமன் சொன்னது தப்பு

திருமயம் பக்கத்துக்காரி என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த இராயவரம் இங்கேதான் இருக்கிறது. வாண்டுமாமா என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன வி. கிருஷ்ணமூர்த்தி பிறந்த அரிமளமும் இங்கேதான். 2009-இல் ‘பசங்க’ படத்தை எடுத்த பாண்டிராஜின் விராச்சிலையும் இதே வட்டாரம். பாட்டு, கதை, சினிமா மூன்றுக்கும் இந்தப் புதுக்கோட்டைச் செம்மண் ஆள் கொடுத்திருக்கிறது. அந்த ஊர்களுக்கு டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக வேலை பார்க்கிறேன்.

எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு திறந்திருப்பதால் பள்ளிப் பிள்ளைகள் அந்த இரண்டு நாளும்தான் கூட்டமாக வருவார்கள். மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். அது துறை கொடுத்த பதிவேடு இல்லை, கடையில் வாங்கியது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பிள்ளை அதைப் பற்றி ஏதாவது சொன்னால், சொன்ன பேச்சு மாறாமல் எழுதி வைப்பேன். பெயர் கிடையாது, வகுப்பு மட்டும் இருக்கும். பள்ளியிலோ வீட்டிலோ பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னாலும் குறித்துக்கொள்வேன். அந்த நோட்டுகளில் இருப்பதைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

பிள்ளைகளுக்கான புத்தகத்தை எழுதுகிறவர் பெரியவர். அச்சுப் போடுகிறவர், நூலகத்துக்கு வாங்குகிறவர், மதிப்புரை எழுதுகிறவர், விருதுக்குத் தேர்ந்தெடுக்கிறவர் எல்லோரும் பெரியவர்கள். சினிமாவிலும் இதே கதைதான். படிக்கிற, பார்க்கிற பிள்ளையிடம் “உனக்கு எப்படி இருந்தது?” என்று கேட்கும் இடம் இந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. கேட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் சொல்லும் கருத்து மழலை இல்லை, விமர்சனம். அதை விமர்சனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சும்மா கேட்டால் வராது. “புத்தகம் எப்படி இருந்தது?” என்றால் கை கட்டி நின்றுகொண்டு, “மிகவும் நன்றாக இருந்தது. இக்கதையிலிருந்து நாம் அறியும் நீதி யாதெனில்...” என்று தொடங்கிவிடுவார்கள். பரீட்சைத் தாளுக்குப் பழகிய நாக்கு அது. “ஏன் பிடித்தது?” என்று அடுத்துக் கேட்டால் பிள்ளை மிரண்டுபோகும். நம் வீடுகளில் ‘ஏன்’ என்ற கேள்வி அதட்டலோடுதான் வரும். இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்து எழுத்தாளரான ஏடன் சேம்பர்ஸ், பிள்ளைகளோடு புத்தகம் பற்றிப் பேசுவது எப்படி என்று 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ‘சொல்லேன்’ என்று தொடங்குங்கள் என்பது அவர் யோசனை. பிடித்தது, பிடிக்காதது, புரியாதது, திரும்பத் திரும்ப வந்தது இவற்றைச் சொல்லச் சொல்லுங்கள் என்கிறார். நான் இன்னும் கொஞ்சம் ஊர்ப் பேச்சாகக் கேட்பேன். எந்தப் பக்கத்தில் மூடிவைத்தாய்? இந்தக் கதையில் யாரோடு சண்டை போடலாம் என்று தோன்றியது? இதை யாருக்குப் படிக்கக் கொடுப்பாய், யாருக்குக் கொடுக்கவே மாட்டாய்? இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கோனார் உரையிலும் பதில் இல்லை. பிள்ளை தன் மண்டையைத்தான் தேட வேண்டும்.

இதைவிடப் பழைய முறை ஒன்று நம்மிடமே இருக்கிறது. அது வேதாளத்தின் முறை.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அம்புலிமாமா. ஊர்க்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது பைண்டு செய்த பழைய தொகுதிகளை எங்களுக்குக் கொடுத்தார். உருவிய வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடந்துவரும் அந்தப் படத்தை, சங்கர் என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரன் வரைந்ததை, நாற்பது வயது தாண்டிய யாரும் மறந்திருக்க முடியாது. வேதாளம் கதையைச் சொல்லி முடித்து ஒரு கேள்வி கேட்கும். விக்கிரமன் பதில் சொல்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேதாளக் கதை சொல்லும்போது, கேள்வி வந்ததும் நிறுத்திவிடுவேன். விக்கிரமன் வாயைத் திறக்கும் முன் பிள்ளைகள் திறக்க வேண்டும்.

வேதாளக் கதைகளில் மந்தாரவதி கதை பிரபலம். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. மூன்று இளைஞர்கள் ஒரு பெண்ணை விரும்புகிறார்கள். அவள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். ஒருவன் அவள் சாம்பல் மேலேயே படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். இன்னொருவன் ஊர் ஊராகத் திரிந்து, உயிர் மீட்கும் மந்திரத்தைக் கற்றுவந்து அவளை எழுப்புகிறான். இப்போது அவள் யாருக்கு மனைவி? விக்கிரமன் சொல்லும் பதில்: உயிர் கொடுத்தவன் தகப்பனுக்குச் சமம், எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகனுக்குச் சமம், சாம்பலைப் பிரியாமல் கிடந்தவனே கணவன்.

கேள்வியோடு நிறுத்தியதும் பையன்கள் மந்திரம் கற்றவன் பக்கம் சாய்ந்தார்கள், உழைத்தவன் அவன்தான் என்று. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். “அக்கா, அவதான் உசுரு வந்து எந்திரிச்சு உக்காந்திருக்காள்ல? அவகிட்டயே கேக்க வேண்டியதுதானே?” பின்னால் இருந்து இன்னொருத்தி, “மூணு பேருமே வேணாம்னு சொன்னா?” என்றாள். நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்ற பலகைக்குக் கீழே பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் விக்கிரமனின் பதிலைப் படித்துக் காட்டினேன். “விக்கிரமன் சொன்னது தப்பு” என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

ஆயிரம் வருஷத்துக் கதை அது. மூன்று ஆண்களின் தகுதியை அலசுகிறதே தவிர, எழுந்து உட்கார்ந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஏழாம் வகுப்புக்காரியால் முடிந்திருக்கிறது. அதற்காக அம்புலிமாமாவை ஒதுக்கச் சொல்லவில்லை. இப்படிச் சண்டை போடவே அதைக் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

சினிமாவுக்கு வருவோம். எங்கள் பிள்ளைகளுக்குப் ‘பசங்க’ சொந்தப் படம். அன்புக்கரசும் ஜீவானந்தமும் மோதிக்கொள்ளும் தெரு அவர்கள் சைக்கிளில் போகிற தெருபோலவே இருக்கும். சிறந்த தமிழ்ப் படம், வசனம், குழந்தை நட்சத்திரங்கள் என்று தேசிய விருதுகள் வாங்கிய படம். விடுமுறையில் நூலகத் தொலைக்காட்சியில் போட்டால் படத்தில் பக்கடா என்ற பையன் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தை இவர்கள் சொல்லிவிடுவார்கள். இவ்வளவு பிடித்த படத்தின் மேலும் ஒரு புகார் எல்லா வருஷமும் வரும். காதல் காட்சிகள் எதற்கு? “அது வந்தா ஓட்டிவிடுங்கக்கா” என்பார்கள். பெரியவர்கள் எழுதிய விமர்சனங்களில் அந்தக் காதலை இதமான கிளைக்கதை என்று பாராட்டியதைப் படித்திருக்கிறேன். பிள்ளைகளைப் பொறுத்தவரை அது தங்கள் படத்துக்குள் பெரியவர்கள் பிடித்துக்கொண்ட இடம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

‘காக்கா முட்டை’க்கு 2014-ஆம் ஆண்டின் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நடித்த விக்னேஷுக்கும் ரமேஷுக்கும் குழந்தை நட்சத்திர விருது. உலகமயம், நிலம், வர்க்கம் என்று அந்தப் படத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியது ஏராளம். எங்கள் நோட்டில் அந்தப் படத்துக்கு உள்ள பக்கங்களில் பாதிக்கு மேல் பாட்டியைப் பற்றியது. விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்து அந்தப் பாட்டி வீட்டிலேயே பீட்சா மாதிரி ஒரு தோசை சுடுவாரே, அந்தக் காட்சி. “பாட்டி செத்ததுக்கு அப்புறம் படம் சீக்கிரம் மறந்துடுச்சு” என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். எவ்வளவு துல்லியமான குறை! படத்தின் அமைப்பில் எனக்கும் உறுத்திய இடம் அது, ஆனால் எனக்கு இப்படிச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் பீட்சா ருசிக்கவில்லை, ஆயா தோசையே மேல் என்று சகோதரர்கள் சொல்லும்போது பெரியவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது பீட்சா பற்றிய வசனமாகப் படவில்லை. பாட்டியை மறக்கவில்லை என்று அண்ணனும் தம்பியும் சொல்கிற இடம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தையைப் பற்றிய படம் வேறு, குழந்தைக்கான படம் வேறு. இந்த வேறுபாட்டை நம் சினிமா உலகம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ராம் எடுத்த ‘தங்க மீன்கள்’ (2013) தகப்பன்களை அழவைத்த படம், எனக்கும் மிகப் பிடித்தது. செல்லம்மா குளத்தில் இறங்கி மீனாகப் போக நினைப்பதைப் பார்த்த ஆறாம் வகுப்புப் பெண், பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு வந்து, “இது அப்பாமாருக்குக் காட்டுற படம்க்கா” என்றாள். அந்தப் படத்துக்கு இதைவிடச் சரியான ஒற்றை வரி விமர்சனத்தை நான் பார்த்ததில்லை. நம் தணிக்கை முறையில் யு, யு/ஏ, ஏ என்ற பிரிவுகள் உண்டு. 2024 நவம்பர் முதல் யு/ஏ-வை ஏழு வயது, பதின்மூன்று, பதினாறு என்று மூன்றாகவும் பிரித்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் எந்த வயதில் எதைக் காட்டக் கூடாது என்பதைத்தான் சான்றிதழ் சொல்லும். பிள்ளைக்கு எது வேண்டும் என்பதைப் பிள்ளைதான் சொல்ல முடியும்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களை மாதந்தோறும் திரையிடுகிறார்கள். அதன் பிறகு நோட்டில் வெளிநாட்டுப் படங்களும் ஏறத் தொடங்கின. மொழி தெரியாத படம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்ற எண்ணம் பெரியவர்களுடையது. ஈரான் இயக்குநர் மஜித் மஜிதி 1997-இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தை எங்கள் வாசகர் வட்டத்தினர் சமுதாயக்கூடத்தில் போட்டார்கள். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அலி, தன் ஷூவை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவான். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசுதான் ஷூ. மூன்றாவதாக வர நினைத்து ஓடி, முதலாவதாக வந்துவிடுவான். கொப்புளம் வெடித்த காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதோடு படம் முடியும். மீன்கள் காலைச் சுற்றி வரும்.

பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம். பிள்ளைகள் அழவில்லை. “அதான் அவங்கப்பா வாங்கிட்டாருல்ல?” என்றார்கள். எங்களுக்குப் புரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தோம். முடிவுக்குச் சற்று முன்னால் தகப்பன் சைக்கிளில் வருகிற காட்சி ஒன்று, கண் சிமிட்டும் நேரம். வாங்கிய சாமான்களோடு சைக்கிளில் புது ஷூக்களும் இருக்கின்றன. இயக்குநர் அதை யாருக்கும் சுட்டிக்காட்டவில்லை. அலிக்கே இன்னும் தெரியாது. ஷூ வருமா வராதா என்று படம் முழுக்கத் தவித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் கண்ணுக்கு மட்டும் அது தப்பவில்லை. எங்களில் பலர் அலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிரெஞ்சுக்காரர் அல்பெர் லமோரிஸ் 1956-இல் எடுத்த ‘தி ரெட் பலூன்’ முப்பத்து நான்கு நிமிடப் படம், பேச்சு மிகக் குறைவு. சிறுவன் பின்னாலேயே வரும் சிவப்பு பலூனைப் பொல்லாத பையன்கள் கல்லால் அடித்து உடைப்பார்கள். உடனே பாரிஸ் நகரத்து பலூன்கள் எல்லாம் பறந்துவந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் பிள்ளைகளுக்கு முடிவில் திருப்தி இல்லை. “எங்க இறக்கிவிடும்? அவங்கம்மா தேடாதா?” இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கேள்வி இது. பதில் சொல்ல வேண்டியவர் லமோரிஸ்தான்.

புத்தகங்களில் என் அனுபவம் இன்னும் விரிவானது. ‘டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி’யை ஆசிரியர்கள் கல்வி நூலாகவே போற்றுகிறார்கள். 1981-இல் ஜப்பானில் வெளிவந்து, நேஷனல் புக் டிரஸ்ட் மூலம் தமிழுக்கு வந்த புத்தகம். ரயில் பெட்டிகளில் வகுப்பு நடத்திய கோபயாஷி என்ற தலைமையாசிரியரைப் பற்றிப் பெரியவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். பிள்ளைகளிடம் எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: பணப்பை கக்கூஸ் குழிக்குள் விழுந்த அத்தியாயம். டோட்டோ பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு குழியிலிருப்பதை எல்லாம் அள்ளி வெளியே குவிப்பாள். அந்த வழியாக வரும் தலைமையாசிரியர் திட்ட மாட்டார். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். “எங்க சார்னா என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா?” என்று தொடங்கி வரிசையாக நடித்துக் காட்டுவார்கள். கோபயாஷியின் கல்விக் கொள்கை முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் நாற்றத்தோடும் சிரிப்போடும் பிடித்துக்கொள்கிறார்கள். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட யசுவாகியை டோட்டோ மரத்தில் ஏற்றும் இடம் அடுத்தபடிதான்.

சோவியத் நாட்டிலிருந்து வந்த ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ எங்கள் அடுக்கில் நிற்பதே இல்லை. அலெக்சாந்தர் ரஸ்கின் தன் மகளுக்குச் சொன்ன கதைகள் அவை. ராத்திரிக் காவலாளி ஆகப் போகிறேன், ஐஸ்கிரீம் விற்கப் போகிறேன் என்று தினம் ஒன்று சொல்லும் சிறுவன், கடைசியில் நாயாகவே ஆகிவிட முயல்கிற கதையைக் கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் புத்தகத்தை எடுத்துப்போய், “நீயும் சின்னதுல தப்புப் பண்ணியாப்பா?” என்று தன் தகப்பனிடம் கேட்டிருக்கிறான். தகப்பனார் அடுத்த ஞாயிறு அவனோடு நூலகத்துக்கு வந்தார். அவருக்கும் ஓர் உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு உயிரான ஒரு புத்தகம் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து 1981-இல் க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’. பாதியில் திரும்பி வந்துவிடும். “இது பெரியவங்க சோகமா இருக்கறப்ப படிக்கிறது” என்று ஒரு பையன் சொன்னது நோட்டில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை செந்த் எக்சுபெரி ஒரு பெரியவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார், அதற்காகப் பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார் என்று எடுத்துச் சொன்னேன். “அப்ப சரி” என்றான் அந்தப் பையன். இருந்தாலும் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் படும் அடுக்கிலேயே வைத்திருக்கிறேன். பதினாறு, பதினேழு வயதில் திரும்பி வந்து கேட்டவர்கள் உண்டு.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ பற்றி ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவர் என் மேசை முன்னால் வாக்குவாதம் செய்தார்கள். கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, வலி தெரியாமல் இருக்க ஒரு ரசாயனத்தைத் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகும் கதை. எல்லா ஆசிரியர்களும் இதைப் படித்தே ஆக வேண்டும் என்றாள் ஒருத்தி. மற்றவள் ஒப்புக்கொள்ளவில்லை. “டீச்சருக்குப் புத்தி வர ஒரு பொண்ணு சாகணுமா? அவ பெரிய விஞ்ஞானி ஆகிற மாதிரி எழுதினா டீச்சருங்களுக்குப் புரியாதா?” இரண்டும் நியாயம். ‘ஆயிஷா’ அந்த முடிவினால்தான் தமிழ்நாட்டு ஆசிரியர்களை உலுக்கியது. ஆனால் அதைப் படிக்கிற மாணவிக்கு அந்த முடிவு எதைக் கொடுக்கிறது என்ற கேள்வியை அந்தப் பெண் கேட்டுவிட்டாள். நான் படித்த கட்டுரைகள் எதிலும் அது வரவில்லை.

சில கருத்துகள் வார்த்தையாக வருவதில்லை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, கெட்ட தொடுதலைப் பற்றி ஒரு மரப்பொம்மை சிறுமியோடு பேசும் கதை. 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அதைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை. கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒருத்தி திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்தவள் பக்கத்தில் நிற்பாள். பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதித் தாள் நிறைந்து, மேலே புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாளும் வாசகர் கருத்துதான்.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யும் அந்த விருதைப் பெற்றது, 2023-இல். கீழடிக் காலத்துச் சிறுவன் வருகிற கதை. அதைப் படித்துவிட்டு எங்கள் பிள்ளைகள் உடனே கேட்டது, “நம்ம பொற்பனைக்கோட்டைக்கு ஒரு கதை இல்லையா?” என்று. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே தொல்லியல் துறை குழி தோண்டியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எழுத்தாளர் யாராவது இதை வாசித்தால், இங்கே ஒரு புத்தகத்துக்கு வாசகர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நோட்டில் அடிக்கடி வருபவை: எழுத்து பொடியாக இருக்கிறது. படத்தில் இருப்பதும் கதையில் இருப்பதும் ஒன்றாக இல்லை. துப்பறியப் போகும் கூட்டத்தில் பொண்ணு ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் பயப்படுகிறாள். அம்மா எப்போதும் அடுப்படியிலேயே நிற்கிறாள். கடைசிப் பக்கத்தில் தாத்தா வந்து புத்திமதி சொல்கிறார். இந்தக் கடைசிக் குறைதான் மிக அதிகம். நீதி இருக்கக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லவில்லை, கதைக்குள் நடந்ததையே திரும்ப விளக்குவது அவர்களைப் புண்படுத்துகிறது. “எங்களுக்குப் புரியாதுன்னு நெனைச்சுட்டாங்க” என்ற வரி வெவ்வேறு பிள்ளைகள் சொல்லிப் பலமுறை வந்திருக்கிறது.

பிள்ளைகளின் கருத்தைப் பொருட்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1936-இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், தன்னிடம் வந்த ஒரு கையெழுத்துப் பிரதியைப் பத்து வயது மகன் ரேனரிடம் படிக்கக் கொடுத்தார். பையன் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தான். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது அவன் முடிவு. கூலி ஒரு ஷில்லிங். 1937-இல் அது ‘தி ஹாபிட்’ என்ற பெயரில் வெளிவந்தது, எழுதியவர் டோல்கீன். அந்தப் பையனே வளர்ந்து பதிப்பாளராகி, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவரக் காரணமாக இருந்தார். இத்தாலியின் தெற்கே ஜிஃபோனி என்ற சிறிய ஊரில் 1971 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. அங்கே நடுவர்கள் பிள்ளைகளேதான்.

நம் பக்கமும் வறட்சி இல்லை. அம்புலிமாமாவில் இரண்டு புகைப்படங்களைப் போட்டு, வாசகர்களைத் தலைப்பு எழுதச் சொல்லும் போட்டி வரும். ‘டிங்கிள்’ இதழின் சுப்பாண்டி, திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கதைகளிலிருந்து 1983-இல் பிறந்தவன். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் அதன் பிறகு வந்த லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து இன்றுவரை வருகின்றன. வாசகர் கடிதங்களை மதித்த பத்திரிகைகளுக்கு அந்த வாசகர்கள் தலை நரைத்த பிறகும் துணை நிற்கிறார்கள். ‘கோகுலம்’, ‘சுட்டி விகடன்’ அச்சில் நின்றுபோனபோது எங்கள் மேசையில் ஓர் இடம் காலியானது. இப்போது பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும், வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ புத்தகங்களும் பள்ளிகளுக்குப் போகின்றன. ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிகிறது என்பதே அந்தச் சின்னப் புத்தகங்களைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லும் முதல் பாராட்டு.

இந்த இதழ்களிலும் புத்தகங்களிலும் பிள்ளைகளின் கருத்துக்கு நிரந்தரமாக ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாராட்டுக்கு மட்டும் இல்லை, குறைக்கும் அந்தப் பக்கத்தில் இடம் வேண்டும். சிறார் இலக்கியத்துக்கு விருது கொடுக்கும் அமைப்புகள், இறுதிச் சுற்றுக்கு வந்த புத்தகங்களை நாலு ஊர் நூலகங்களுக்கு அனுப்பிப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். எங்கள் நூலகத்துக்கு அனுப்பினால் தாமதமில்லாமல் பதில் தருவோம்.

பெற்றோர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பிள்ளை ஒரு புத்தகத்தையோ படத்தையோ முடித்ததும் என்ன நீதி என்று கேட்காதீர்கள். யாரோடு சண்டை போடத் தோன்றியது என்று கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல் ஓர் அஞ்சலட்டையில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பதிப்பகத்தின் முகவரி புத்தகத்தின் முதல் சில பக்கங்களுக்குள்ளேயே அச்சாகியிருக்கும். அந்த முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.